வீட்டில் கடன் இருக்கும்போது நான் தனியாகச் சேமிக்கலாமா?

கேள்வி: தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அரசு விடுதியில் இருப்பதால் சாப்பாடு, தங்குமிடம் இரண்டுக்கும் செலவில்லை. தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போவேன், ஒரு நைட்டுக்கு 600 ரூபாய். லீவில் கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை பார்த்து 18,000 ரூபாய் கொண்டுவந்தேன். ஆடி முடிவதற்குள் அதில் 6,800 ரூபாய்தான் மிச்சம், மீதி எங்கே போனது என்று தெரியவில்லை. ஜூலை மாத ஜிபே கணக்கை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைக்கிறார். நாற்றுக்கும் மருந்துக்கும் வாங்கிய 50,000 ரூபாய் மூணு வட்டியில் நிற்கிறது. இந்த நிலையில் நான் தனியாகப் பணம் சேர்ப்பது சுயநலமா? படிப்பு முடிந்ததும் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சேர 20,000 ரூபாய் வேண்டும். ரூம்மேட் ஆப்ஷன் டிரேடிங் செய்யச் சொல்கிறான். அம்மா நகைச்சீட்டு கட்டச் சொல்கிறார். தெரிந்த அண்ணன் ஒருவர், என் பேங்க் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அன்புத் தம்பி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவசரம். கார்டைக் கொடுக்காதீர்கள். அந்த அண்ணனிடமும் ஆதார் இருக்கிறது, எந்த வங்கியிலும் போய் மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க, மாதம் 5,000 ரூபாய் கொடுத்து உங்கள் கணக்கை எதற்குக் கேட்கிறார்? வரப்போகும் பணத்தில் தன் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். எங்கோ ஒரு ஊரில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஆன்லைன் மோசடியில் ஏமாந்த பணம் உங்கள் கணக்கில் விழும், அடுத்த சில நிமிடங்களில் கார்டு வழியாக வெளியே போய்விடும். புகார் வந்ததும் போலீஸ் தேடி வருவது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான். கணக்கு முடக்கப்படும், உங்கள் தமிழ்ப் புதல்வன் பணமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் அரசு வேலைக்குப் போக நினைக்கிற பையன். வேலை கிடைத்த பிறகு போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். பெயரில் ஒரு மோசடி வழக்கு இருந்தால் அந்த இடத்தில் எல்லாம் நின்றுபோகும்.

ஒருவேளை கார்டு ஏற்கெனவே கைமாறியிருந்தால் பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போய் கார்டை முடக்குங்கள். நடந்ததை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் விவரத்தைச் சொல்லுங்கள். நீங்களாக முன்னால் போய்ச் சொன்னது பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

ரூம்மேட் சொல்லும் ஆப்ஷன் டிரேடிங்குக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். கூழ் கம்பெனியில் நின்று சம்பாதித்த பணத்தை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். வீட்டில் கடன் இருக்கும்போது சேமிப்பது சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். இந்த வயதில் இப்படிக் கேட்கத் தோன்றுவதே பெரிய விஷயம். ஆனால் அதற்கு மனசை வைத்துப் பதில் சொல்வதை விட, கணக்கை வைத்துப் பதில் சொல்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500. வருடத்துக்கு 18,000. நீங்கள் மே, ஜூன் இரண்டு மாதம் கூழ் கம்பெனியில் நின்று கொண்டுவந்த தொகை எவ்வளவோ, சரியாக அவ்வளவு. அவ்வளவையும் கொடுத்தாலும் வருட வட்டிதான் தீரும், அசலில் ஒரு ரூபாய் குறையாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 5,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டால் 4 சதவீத வட்டியில் வருடத்துக்கு 200 ரூபாய் வரும். அதே 5,000 ரூபாயை அப்பாவின் கடனில், அசலில் கட்டினால் வருடத்துக்கு 1,800 ரூபாய் வட்டி மிச்சமாகும். இந்த வித்தியாசத்தை எந்த வைப்புத்திட்டமும் ஈடுகட்டாது. அதனால் உங்கள் வீட்டு நிலைமையில் மூணு வட்டிக் கடனின் அசலைக் குறைப்பதுதான் முதல்தரமான சேமிப்பு. அதைச் செய்தால் நீங்கள் குடும்பத்துக்கும் செய்கிறீர்கள், உங்களுக்கும் செய்துகொள்கிறீர்கள். சுயநலமா, தியாகமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

ஆனாலும் கையில் இருப்பதை எல்லாம் துடைத்து அங்கே கட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வங்கியில் கடன் பிரிவில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கையில் ஒன்றும் வைக்காமல் கடனை அடைத்த குடும்பம், அடுத்த காய்ச்சலுக்கு அதே ஆளிடம் போய் நிற்கும். அதனால் 5,000 ரூபாய் ஒதுக்கில் இருக்கட்டும். மருத்துவம், திடீர்ப் பயணம், தேர்வுக் கட்டணம், இவற்றுக்கு மட்டும். உங்களிடம் இப்போது இருக்கும் 6,800 ரூபாயிலிருந்தே அதை எடுத்து வையுங்கள். மீதி 1,800 ரூபாய் புரட்டாசிக்கு வேண்டியிருக்கும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அசலைக் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பணத்தை அப்பா கையில் கொடுத்தால் அது மருந்துக் கடைக்கோ உரக் கடைக்கோ போய்விடும். அவரைக் குறை சொல்லவில்லை, பயிர் நிற்கும்போது எந்த விவசாயியும் அதைத்தான் செய்வார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடன் கொடுத்தவரிடம் நேரில் போங்கள். அந்த மாத வட்டியைத் தனியாகக் கொடுத்துவிட்டு, இது அசலுக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, இன்ன தொகை அசலில் வரவு என்று எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பணத்தையே வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள், பதிவு இருக்கும். வாய் வார்த்தையில் விட்டால் ஆறு மாதம் கழித்து "அது வட்டியில் கழிந்துவிட்டது" என்பார்கள். ஊரில் நல்ல மனிதராகவே இருந்தாலும் எழுதி வாங்குவதில் தப்பில்லை.

அடுத்தது, உங்களால் சம்பாதித்து அடைக்க முடிகிற வேகத்தை விட வேகமான வழி ஒன்று இருக்கிறது. அப்பா ஒவ்வொரு நடவுக்கும் தனியாரிடம் போகிறார். உங்கள் ஊருக்கான தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று கேளுங்கள். சங்கத்தில் கொடுக்கும் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது, அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு வழியாக வாங்கினால் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம், தேதிக்குள் கட்டுபவருக்கு 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வருட வட்டி 2,000 ரூபாய். நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருப்பது 18,000 ரூபாய்.

பயிர்க்கடன் பயிருக்குத்தான். அதை வாங்கித் தனியார் கடனை அடைப்பது முறையில்லை, அதற்காகக் கேட்டால் சங்கத்திலும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த நடவின் நாற்று, குச்சி, மருந்து எல்லாவற்றுக்கும் அந்தக் கடன் கிடைத்துவிட்டால், அப்பா புதிதாக மூணு வட்டிக்குக் கைநீட்ட வேண்டியதில்லை. தக்காளி விற்று வருவதில் சங்கத்துத் தவணைக்குப் போக மீதியைப் பழைய கடனில் கட்டலாம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புத்தக நகல், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அங்கே சிக்கும். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சிக்கல்தான். அப்படியிருந்தால் பட்டா மாறுதலுக்கு இப்போதே மனுக் கொடுத்துவிடுங்கள், அடுத்த போகத்துக்காவது உதவும்.

தக்காளி விலையை நம்பி இந்தக் கடனை ஓட்டலாம் என்று அப்பா சொல்லக்கூடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை எல்லோரும் பேசுகிறோம். பறிகூலிக்குக் கூடத் தேறாமல் செடியிலேயே விட்ட வருடங்களை யாரும் பேசுவதில்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் விலை ஏறினாலும் இறங்கினாலும் வட்டி மட்டும் மாதாமாதம் அதே 1,500 ரூபாய். இதை அப்பாவிடம் சண்டை போடுவது மாதிரி சொல்லாதீர்கள். நீங்கள் பி.காம். படிக்கிறீர்கள், ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மகன் கணக்குப் போட்டுக் காட்டினால் அப்பாக்கள் கேட்பார்கள்.

அம்மா மகளிர் குழுவில் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அங்கேயும் ஒரு வழி உண்டு. குழுவுக்குள் பெரும்பாலும் ஒரு வட்டி, ஒன்றரை வட்டிக்குத்தான் கடன் கொடுக்கிறார்கள். மூணு வட்டிக் கடனில் ஒரு பகுதியை அதை வைத்து அடைத்தால் அந்தப் பகுதிக்கான வட்டிச் சுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். அம்மாவிடம் நகை இருந்து, மனசும் ஒத்துக்கொண்டால், வங்கி நகைக்கடன் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டியில் கிடைக்கும். ஆனால் நகையை அடகு வைத்தால் இத்தனை மாதத்தில் மீட்போம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு வைக்க வேண்டும்.

மகளிர் குழு என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது, அது உங்கள் சேமிப்புக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அரசு முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரியில்தான், 1989ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004ல்தான் பிரிந்தது. வங்கி வேலையில் இருந்தபோது இந்தக் குழுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். பாயை விரித்து உட்கார்ந்ததும் முதல் வேலை சந்தா. யாருக்குக் கடன், வங்கிக்கு யார் போவது என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். களையெடுத்த கூலி அன்று சாயங்காலம்தான் கைக்கு வந்திருக்கும். முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்த நோட்டு நடுவில் வைத்த தட்டில் விழும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் பேரேட்டில் வரவு வைப்பார், பிறகு ஒவ்வொருவர் புத்தகத்திலும் எழுதுவார். தட்டில் விழுந்த பிறகு அந்தப் பணம் அவருடையதுதான். ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். உங்களை விடக் குறைந்த வருமானத்தில் அவர்களால் சேர்க்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

உங்கள் பணம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. தமிழ்ப் புதல்வன், கேட்டரிங், கூழ் கம்பெனி எல்லாம் ஒரே கணக்கில் விழுகிறது. அந்தக் கணக்கு ஜிபேயில் இருக்கிறது. ஜிபே போனில் இருக்கிறது, போன் கையிலேயே இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், ஆறு இலக்க எண் போதும். எங்கே போனது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, தெரியாமல்தான் போகும்.

அதனால் ஒரு நாள் காலையில் பக்கத்து அஞ்சலகத்துக்குப் போய் 500 ரூபாய் கட்டி ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். ஆதார் நகலும் போட்டோவும் வேண்டும், பான் கார்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ஏடிஎம் கார்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். போனில் எந்த யுபிஐ ஆப்பிலும் அதை இணைக்காதீர்கள். பணம் வேண்டுமென்றால் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அலுவலக நேரத்தில், வரிசையில் நின்று வாங்க வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே அங்கே தொடங்கச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: அரசு உதவித்தொகை விழும் ஆதார் இணைப்பைப் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லி எந்தப் படிவத்திலும் டிக் அடித்துவிடாதீர்கள். பிறகு மாதாமாதம் 1,000 ரூபாய் எங்கே விழுகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

எவ்வளவு போடுவது? மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையை வைத்தால் உங்களுக்குச் சரிவராது. உங்கள் வருமானம் சம்பளக்காரர் வருமானம் மாதிரி இல்லை, விவசாயி வருமானம் மாதிரி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் பந்தி வேலை அபூர்வம். அந்த மூன்று மாதமும் வறட்சி. மே, ஜூன் கூழ் கம்பெனி. மீதி ஏழு மாதம் பந்தி வேலை. நிலையான தொகை என்று வைத்தால் ஆடியில் கட்ட முடியாமல் போகும், ஒரு தடவை விட்டதும் மொத்தமாக விட்டுவிடுவீர்கள். அதனால் பங்காகப் பிரியுங்கள். தமிழ்ப் புதல்வன் பணத்தில் 200 ரூபாய். கேட்டரிங் கூலியில் பாதி. லீவு வேலைச் சம்பளத்தில் முக்கால். கேட்டரிங் முடிந்து கூலி வாங்கிய மறுநாள் அந்தப் பாதி அஞ்சலகத்தில் இருக்க வேண்டும். வரவில்லை என்றால் போட வேண்டியதில்லை, அதற்காக மனசை வருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

மாதம் சராசரி ஐந்து நைட் என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய், அதில் பாதி 1,500. ஏழு மாதத்துக்கு 10,500. தமிழ்ப் புதல்வனில் வருடத்துக்கு 2,400. லீவு வேலையில் 13,500. மொத்தம் 26,400 ரூபாய். இதில் காய்ந்த மாதம் மூன்றுக்கும் மாதம் 1,500 வீதம் 4,500 ரூபாயை நீங்களே எடுத்துச் செலவழிக்க வேண்டும். இது சேமிப்பை உடைப்பது ஆகாது. ஆவணியில் எடுத்து வைப்பதே புரட்டாசியில் சாப்பிடத்தான். இந்தப் புரட்டாசிக்கு அந்த 1,800 ரூபாய் இருக்கிறது. மீதி நிற்பது 21,900 ரூபாய். கணக்குப்படி அத்தனையும் கடன் அசலில் போவதுதான் லாபம். ஆனால் உங்கள் வயதில் சம்பாதிப்பது முழுவதும் பழைய கடனுக்கே போனால் ஆறு மாதத்தில் வெறுத்துவிடும், அப்புறம் எதுவும் நடக்காது. 15,000 ரூபாயை அசலில் கட்டுங்கள். கடன் 35,000 ஆகும், மாத வட்டி 1,050 ஆக இறங்கும். மீதி 6,900 ரூபாய் உங்கள் பெயரில், உங்கள் படிப்புக்கு இருக்கட்டும்.

அப்படியென்றால் தமிழ்ப் புதல்வனில் மீதி 800, கேட்டரிங்கில் மீதி 1,500, ஆக கைச்செலவுக்கு மாதம் 2,300 ரூபாய். ஜூலையில் நீங்கள் செலவழித்தது 2,940. பட்டியலை இரண்டு தடவை படித்தேன். டீ, பஜ்ஜி, பப்ஸ் என்று 31 வரி, மொத்தம் 682 ரூபாய். அதில் கை வைக்காதீர்கள். கல்லூரி வாசலில் நாலு பேரோடு நின்று டீ குடிப்பதை நிறுத்திச் சேர்க்கும் பணம் எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை. இரவு ஃபாஸ்ட் ஃபுட் 740 ரூபாய், அதைக் குறைக்கலாம். விடுதியில் ஏழரைக்குச் சாப்பாடு முடிந்துவிடுகிறது, பத்து மணிக்குப் பசிக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. ஊருக்குப் போய்வரும்போது ஒரு டப்பா வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம், இரண்டு படி பொரி கொண்டுவந்து ரூமில் வையுங்கள். வாரம் ஒரு நாள் எக் ரைஸ் சாப்பிட்டால் போதும்.

ரீசார்ஜ் 349 ரூபாய். 28 நாள் பேக் போட்டால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 84 நாள் பேக்கில் ஒரு நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள், குறைவாக வந்தால் அதற்கு மாறுங்கள். பட்டியலில் 149 ரூபாய் ஒன்று இருக்கிறது, எதற்கென்று உங்களுக்கே தெரியவில்லை என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அது ஆட்டோபேயாக இருக்கலாம். எப்போதோ ஒரு மாதம் இலவசம் என்று ஏதாவது ஆப்பில் ஒப்புதல் கொடுத்திருந்தால் மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். ஜிபேயில் ஆட்டோபே பகுதிக்குள் போய்ப் பார்த்து ரத்து செய்யுங்கள். பிறந்தநாள் டிரீட் 400, ஒகேனக்கல் போய்வந்த பெட்ரோல் செலவில் உங்கள் பங்கும் மீன் வறுவலும் 620. இரண்டும் மாதாமாதம் வருகிற செலவு இல்லை. நண்பர்களோடு ஒகேனக்கல் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசில்லை. முன்கூட்டியே முடிவு செய்து, அந்த மாதம் இன்னொரு நைட் பந்திக்குப் போய்விட்டுப் போங்கள்.

அம்மா சொல்லும் நகைச்சீட்டு இப்போது வேண்டாம். மூணு வட்டிக் கடனை வைத்துக்கொண்டு தங்கம் வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. கடைகள் அதைப் பெரும்பாலும் பதினொரு மாதமாக வைப்பதற்குக் காரணம், 365 நாளைத் தாண்டினால் 2014ஆம் ஆண்டின் வைப்புத்தொகை விதிகளுக்குள் வந்துவிடும் என்பதுதான். வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, கடையில் கட்டும் சீட்டுக்கு அது கிடையாது. கடன் தீர்ந்த பிறகு அம்மா ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பலரும் சொல்லும் அஞ்சலக ஆர்.டி.யையும் இப்போது நான் சொல்லவில்லை. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், நல்ல திட்டம்தான். 6.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 வீதம் கட்டிய 30,000 ரூபாய் ஐந்து வருடத்தில் சுமார் 35,700 ஆகும். ஆனால் மூன்று வருடம் முடியும்வரை நடுவில் மூட முடியாது, மாதம் தவறாமல் கட்டவும் வேண்டும். மாதச் சம்பளம் வரத் தொடங்கும்போது முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

கோச்சிங்குக்கு 20,000 ரூபாய் சேர்ப்பதைப் பற்றி. அதைச் சேர்க்கும் முன் அந்தச் செலவே தேவையா என்று பார்த்துவிடுங்கள். தர்மபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு அங்கே இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இடமும் புத்தகமும் உண்டு. குரூப் 4 எழுத டிகிரி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், 18 வயது ஆகியிருந்தால் இப்போதே எழுதலாம். நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்கள்தான் அடிப்படை. ஊரில் தம்பி தங்கைகளின் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை இப்படிப் படித்து எழுதிப் பாருங்கள். எதில் மார்க் குறைகிறது என்று தெரிந்த பிறகும் கோச்சிங் தேவைப்பட்டால், அந்த 6,900 ரூபாயில் அந்தப் பாடத்துக்கு மட்டும் சேரலாம்.

இந்த வாரம் அஞ்சலகம். அடுத்து ஊருக்குப் போகும்போது அப்பாவோடு கூட்டுறவுச் சங்கம். சங்கத்துச் செயலாளர் என்ன சொன்னார், பட்டா யார் பெயரில் இருக்கிறது, அம்மா குழுவில் இருக்கிறாரா என்ற மூன்றையும் எழுதி எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அதை வைத்து அந்த 35,000 ரூபாயை எப்படி இறக்குவது என்று பார்ப்போம்.